செயற்கைப் பூவில் கல்யாணப் பூச்செண்டு: 250 வெள்ளிக்குள் வீட்டிலேயே கட்டுவது எப்படி

கேட்டது இது: தங்கைக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி, மாலையில் கோலாலம்பூர் செந்தூலில் மண்டப விருந்து. விருந்துக்கு மணப்பெண் கையில் ஒரு பூச்செண்டு, தோழிகள் மூவருக்கு மூன்று சின்னது, மாப்பிள்ளை கோட்டுக்கு ஒரு பூ. எல்லாம் செயற்கைப் பூவில், மொத்தம் 250 வெள்ளிக்குள் (ரிங்கிட்), படத்தில் மலிவாகத் தெரியாமல் செய்ய முடியுமா?

முடியும், சகோதரி. பணம் போதும், நேரத்தைத்தான் தாராளமாக ஒதுக்க வேண்டும். ஒரு செண்டைப் பார்த்த உடனே ‘பிளாஸ்டிக்’ என்று ஆட்கள் சொல்லிவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம், பையில் நசுங்கிக் கிடந்த பூவை அதே கோலத்தில் எடுத்துக் கட்டிவிடுவதுதான். ஒவ்வொரு பூவையும் மூன்று நிமிடம் கையில் வைத்து விரித்து, சுருட்டி, கழுத்தை வளைத்துவிட்டால் சாதாரணப் பூவே வேறு மாதிரி நிற்கும். ஐம்பது பூவுக்கு இரண்டரை மணி நேரம். ஒரு சனிக்கிழமை மத்தியானத்தை இதற்கென்றே வைத்துவிடுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. கோயிலில் மாலை மாற்றுவதற்கு நிஜப் பூமாலையையே வாங்குங்கள், தலைக்கும் நிஜ மல்லிகையே இருக்கட்டும். அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். கையில் பிடிக்கும் செண்டு படத்துக்கும் மேடைக்கும் உரியது. செயற்கைப் பூ அதற்கு நன்றாகப் பொருந்தும், வாசனைக்குத் தலையில் உள்ள மல்லிகை போதும்.

எண்ணிக்கையை முதலில் பிடித்துக்கொண்டால் கடையில் கை நீளாது. மணப்பெண் செண்டு 24 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் புடவையின் முகப்பையும் ஒட்டியாணத்தையும் மறைக்கும். அந்த அளவுக்கு 7 முதல் 8 சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய ரோஜா 12, நாலரை சென்டிமீட்டர் அளவில் சின்ன ரோஜா 9. தோழிகளுக்கு 16 சென்டிமீட்டர் அகலம், ஆளுக்குப் பெரியது 5, சின்னது 5. கோட்டுக்கு ஒரு சின்னது. ஆக, பெரியது 27, சின்னது 25. கிழிவது, தலை கழன்றுபோவது எல்லாம் இருக்கும். 30-ம் 28-ம் வாங்குங்கள். நடுநடுவே தூவ ஜிப்சோபிலா என்கிற வெள்ளைப் பொடிப்பூ 8 கொத்து, இலை 8 கொத்து.

250 வெள்ளியை நான் இப்படிப் பிரிப்பேன்: பூவுக்கு 130, இலைக்கும் பொடிப்பூவுக்கும் 50, ரிப்பன், முத்து ஊசிக்கு 25, கம்பி, டேப், குளூ கன்னுக்கு 35. மீதி 10 வெள்ளி கடைசி நேரத்துக்கு. குளூ கன்னும் கம்பி வெட்டும் குறடும் வீட்டிலேயே இருந்தால் அந்தக் காசைப் பூவில் போடுங்கள்.

பூவில் மூன்று வகை கிடைக்கும். முதலாவது, பாலியஸ்டர் துணி ரோஜா. சில்க் பூ என்று விற்பார்கள், பட்டு கிடையாது. ஆவி காட்டி வடிவம் மாற்றலாம் என்பதால் கைவேலைக்கு இதுதான் தோது. இரண்டாவது, ஃபோம் ரோஜா. பளபளப்பு இல்லாமல் மெத்தென்று இருக்கும், படத்தில் நன்றாக வரும். ஆனால் நகம் பட்டாலே தழும்பு விழும், சூடு ஆகாது. மூன்றாவது, தொட்டால் நிஜம் போலவே இருக்கும் ரப்பர் பூச்சு ரோஜா. விலை கூட. எல்லாவற்றையும் மூன்றாம் வகையில் வாங்க வேண்டியதில்லை. மணப்பெண் செண்டின் நடுவில் நிற்கும் 5 பூவை மட்டும் அதில் வாங்குங்கள். கண்ணும் கேமராவும் முதலில் போய் நிற்பது அங்கேதான். மற்ற எல்லாம் துணி ரோஜா. ஃபோமைத் தோழிகளின் செண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கே வாங்குவது என்றால், ஒரே இடத்தில் முடிக்க நீலாய் 3 மொத்தக் கடைகள் வசதி. கோலாலம்பூரிலிருந்து 50 கிலோமீட்டர் அளவில் இருக்கும், பெட்ரோல் காசையும் கணக்கில் சேருங்கள். தண்டு தண்டாகப் பொறுக்கி எடுக்க கைசன், எஸ்எஸ்எஃப் கடைகள். ரிப்பன், லேஸ், முத்து ஊசிக்கு மஸ்ஜித் இந்தியாவும் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும். குளூ கன், கேபிள் டை, குறடு மிஸ்டர் டிஐஒய்யில் கிடைக்கும். இணையத்தில் வாங்கினால் பூவின் அகலம் சென்டிமீட்டரில் எவ்வளவு என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். படத்தில் பெரிதாகத் தெரிந்த ரோஜா கைக்கு வரும்போது எலுமிச்சம்பழ அளவில் இருந்தால் மொத்தக் கணக்கும் குலைந்துபோகும்.

நிறம் பார்க்கப் போகும்போது புடவையின் ரவிக்கைத் துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அரக்குப் புடவைக்கு அரக்கு ரோஜா வாங்கினால் இரவுப் படத்தில் செண்டு இருந்த இடமே தெரியாது, கருப்பு உருண்டையாக விழும். சந்தன நிறம், வெளிறிய பீச், பழைய ரோஜா நிறம் மூன்றையும் கலந்தால் ஆழம் கிடைக்கும். சுத்த வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளைப் பாலியஸ்டரில் பளிச்சென்று தெரிய ஒளிர்வுச் சாயம் ஏற்றியிருப்பது வழக்கம். மண்டப மேடையில் ஊதா விளக்கு விழுந்ததும் அது நீலமாக எரியும். சந்தன வெள்ளை பெரும்பாலும் அப்படிச் செய்யாது.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை சாயச் சோதனை. வெள்ளை டிஷ்யூவை நனைத்து, பூவின் ஓர் இதழை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பத்துத் தடவை தேயுங்கள். டிஷ்யூவில் லேசாகச் சிவப்போ ஊதாவோ படிந்தால் அந்தப் பூவை மணப்பெண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நம் ஊர் புழுக்கத்தில் கை வியர்க்கும், மாலை மழையும் வரும். சந்தன நிறப் பட்டில் ஒரு சொட்டுச் சாயம் இறங்கினால் அன்றைக்கு அதை எடுக்கவே முடியாது. அடர் சிவப்பு, கத்தரிப்பூ ஊதா, கருநீலம் ஆகியவற்றில்தான் இது அடிக்கடி நடக்கும். ஜிகினா தூவிய பூவும் வேண்டாம், உதிர்ந்து ரவிக்கை முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

இனிப் பூவைத் திறக்கும் வேலை. பொறுமை முழுவதையும் இங்கே செலவழியுங்கள்.

துணி ரோஜா ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அடியில் பச்சைக் கிண்ணம், அதற்கு மேல் இதழ்கள் தட்டுத் தட்டாக ஒரு பிளாஸ்டிக் முளையில் செருகியிருக்கும். கிண்ணத்தைத் தண்டில் இரண்டு சென்டிமீட்டர் கீழே இறக்குங்கள். தட்டுகள் தளரும். ஒவ்வொரு தட்டையும் கொஞ்சம் திருப்பி, ஒரு தட்டின் இதழ் அடுத்த தட்டின் இடைவெளியில் வரும்படி மாற்றுங்கள். ஆலையில் அடுக்கும்போது இதழ்கள் ஒரே நேர்கோட்டில் நின்றுவிடும், பூ அச்சில் வார்த்தது போலத் தெரிவதற்கு அதுவே பாதிக் காரணம். திருப்பிய பிறகு, முளையில் ஒரு துளி சூடான பசை விட்டுக் கிண்ணத்தை மேலே தள்ளி அழுத்துங்கள். இந்தத் துளியை யாரும் விடுவதில்லை. விடாததால்தான் மேடையில் ரோஜாத் தலை கழன்று கீழே விழுகிறது.

பிறகு ஆவி. கெண்டியில் தண்ணீர் கொதிக்கும்போது மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பூவை 10 முதல் 15 விநாடி காட்டுங்கள். விரல் ஆவிக்குள் போகாதபடி தண்டின் கோடியில் பிடியுங்கள். பாலியஸ்டர் சூட்டில் இளகும், ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். இளகிய இதழின் விளிம்பைச் சாத்தே குச்சியில் வெளிப்பக்கமாக ஒன்றரைச் சுற்றுச் சுருட்டி, ஐந்து எண்ணி விடுங்கள். வெளித்தட்டு நன்றாகச் சுருளட்டும், அடுத்த தட்டு பாதி சுருளட்டும், உள்தட்டைத் தொட வேண்டாம். ஃபோம் ரோஜாவுக்கும் ரப்பர் பூச்சு ரோஜாவுக்கும் ஆவி காட்டக் கூடாது. ஃபோம் சுருங்கிவிடும், பூச்சு பிசுபிசுக்கும். அவற்றைக் கையாலேயே மெல்ல விரியுங்கள்.

எல்லாப் பூவும் ஒரே அளவில் மலர்ந்திருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். பெரிய துணி ரோஜாக்களில் மூன்றில் ஒன்றுக்கு, கிண்ணத்தை ஒட்டும் முன்பே வெளித்தட்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள், பாதி விரிந்த பூவாகிவிடும். அடுத்து, பழைய ஐ ஷேடோ பெட்டியில் மங்கலான இளஞ்சிவப்போ மண் நிறமோ இருந்தால், காது பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பூவின் தொண்டைக்குள் மட்டும் ஒரு சுற்றுத் தடவுங்கள். உள்ளே நிழல் விழுந்தது போல ஆழம் வரும். வெளி இதழில் தடவினால் புடவையில் ஒட்டும். பனித்துளி என்று ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் மணிகள், இலையில் நீட்டிக்கொண்டிருக்கும் அச்சு விளிம்பு எல்லாவற்றையும் இப்போதே நறுக்கிவிடுங்கள்.

இலையில் பளபளப்பு ஆகாது. மெழுகு போல மின்னும் பச்சை இலை முழுச் செண்டையும் கீழே இறக்கிவிடும். சாம்பல் பூத்த யூகலிப்டஸ், அடிப்பக்கம் வெளிறிய துணி இலை இரண்டும் நல்லது.

அடுத்தது கம்பி. பூக்கம்பியில் எண் கூடக் கூட கம்பி மெலியும். 18 தடிப்பு, 26 நூல் மாதிரி. உங்களுக்கு 20-ம் 26-ம் போதும். ஏன் கம்பி வேண்டும் என்றால், கடைப் பூவின் தண்டு 5, 6 மில்லிமீட்டர் தடிப்பு. இருபது முப்பது தண்டையும் அப்படியே சேர்த்துக் கட்டினால் கைப்பிடி தேங்காய்த் துருவிப் பிடி கனத்துக்கு வந்துவிடும், மருதாணிக் கை சுற்றிப் பிடிக்காது. அதனால் நடுவில் வரும் 5 பூவுக்கு மட்டும் சொந்தத் தண்டு இருக்கட்டும், அதுதான் முதுகெலும்பு. மற்ற பெரிய பூக்களைத் தலைக்குக் கீழே 2 சென்டிமீட்டரில் நறுக்கி, 40 சென்டிமீட்டர் நீள 20-ஆம் எண் கம்பியைப் பச்சைக் கிண்ணத்தின் குறுக்கே குத்தி, இரண்டு காலாகக் கீழே மடியுங்கள். சின்ன ரோஜாவுக்கும் அதே. பொடிப்பூவை 7 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி மூன்று மூன்றாக 26-ஆம் எண் கம்பியில் கட்டுங்கள்.

அதன்மேல் பச்சை டேப். டேப் ஒட்டவே இல்லை என்று பலரும் குறைப்படுவார்கள். அது மெழுகு ஏற்றிய தாள், பசை டேப் கிடையாது. நன்றாக இழுத்தால்தான் மெழுகு வெளியே வந்து தன்மேலேயே ஒட்டும். தண்டை விரலால் உருட்டிக்கொண்டே மறுகையால் டேப்பைக் கீழ்நோக்கிச் சாய்வாக இழுங்கள். ஏர்கோன் அறையில் மெழுகு விறைத்துப்போகும். சுருளை ஐந்து நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்தால் சரியாகும்.

கட்டும்போது எதிரே கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து நீங்கள் பார்க்கும் செண்டு வேறு, எதிரில் நிற்பவர் பார்க்கும் செண்டு வேறு. பெரிய ரோஜா 12-ஐ 1, 4, 7 என்று பிரியுங்கள். நடுப்பூவின் கழுத்து நேராக, கடிகாரத்தில் 12 மணி முள் போல நிற்கட்டும். முதல் வட்டத்து 4 பூவின் கழுத்தை 1 மணிக்கு வளையுங்கள், நடுப்பூவைவிட 2 சென்டிமீட்டர் தாழ வையுங்கள். வெளிவட்டத்து 7 பூவை 2 மணிக்கு வளைத்து, நடுப்பூவைவிட 5 சென்டிமீட்டர் தாழ. இந்த வளைவு இல்லாவிட்டால் எல்லாப் பூவும் கூரையைப் பார்க்கும், எதிரில் நிற்கும் கேமராவுக்குப் பச்சைக் கிண்ணம்தான் தெரியும். சின்ன ரோஜா 3 முதல் வட்டத்தின் இடைவெளியில், 6 வெளிவட்டத்தின் இடைவெளியில், பெரிய பூவைவிட ஒரு விரல் நுனி அளவு உள்ளே பதிய. பொடிப்பூ மட்டும் ஒன்றிரண்டு இடத்தில் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கலாம்.

எல்லாத் தண்டும் சந்திக்கும் இடம் நடுப்பூவின் தலைக்குக் கீழே 10 சென்டிமீட்டரில் வரட்டும். அங்கே கேபிள் டை ஒன்றைப் போட்டு, முழுதாக இறுக்காமல் விடுங்கள். தளர்வாக இருக்கும்போதே ஒவ்வொரு பூவையும் மேலே இழுத்து, கீழே தள்ளி, கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்யலாம். வடிவம் வந்தபிறகு இறுக்கி, இரண்டு சென்டிமீட்டர் கீழே இன்னொரு கேபிள் டை. கடைசியாக இலைகளை அடியில் வட்டமாக வைத்து டேப் சுற்றினால் கம்பியெல்லாம் மறைந்துவிடும். ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் புதுப் பூ வாங்க ஓடாதீர்கள். பக்கத்துப் பூவின் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினாலே பெரும்பாலும் மூடிவிடும்.

கைப்பிடி நீளம் 17 சென்டிமீட்டர். அடியில் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக நறுக்கி, கம்பி முனை ஒவ்வொன்றையும் குறடால் உள்ளே மடியுங்கள். மேலே டேப், அதன்மேல் ஃபெல்ட் துணி வட்டம் ஒன்று. இதில் அவசரம் கூடாது. ஒரே ஒரு கம்பி முனை வெளியே நின்றால் போதும், காஞ்சிபுரம் பட்டில் மாட்டி இழை இழுத்துவிடும். சோதிக்க, பழைய நைலான் துப்பட்டாவைக் கைப்பிடி மேலும் பூவின் அடியிலும் இழுத்துப் பாருங்கள். எங்கும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி.

ரிப்பன் 38 மில்லிமீட்டர் அகல சாட்டின். கைப்பிடியின் மேலிருந்து கீழே போய்த் திரும்ப மேலே வர ஒன்றரை மீட்டர். தோழிகளுக்கு ஆளுக்கு ஒரு மீட்டர். தொங்கவிட இன்னும் ஒன்றரை மீட்டர் வாங்கினால், வெட்டிய நுனியை லைட்டர் தீயில் லேசாகக் காட்டுங்கள், நூல் பிரியாது. முடிவை முத்து ஊசியால் குத்தும்போது பூவின் பக்கமாக மேல்நோக்கிச் சாய்த்துக் குத்துங்கள். நேராகக் குத்தினால் மெல்லிய கைப்பிடியில் மறுபக்கம் வெளியே வந்து உள்ளங்கையைக் குத்தும். ஊசி இறங்க மறுத்தால் உள்ளே கம்பி இருக்கிறது, அரை சென்டிமீட்டர் தள்ளிக் குத்துங்கள்.

தோழிகள் செண்டு 1, 4 என்ற கணக்கில் இதே முறைதான், ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கோட்டுப் பூவுக்கு ஒரு சின்ன ரோஜா, ஓர் இலை, ஒரு துணுக்குப் பொடிப்பூ. தண்டு 6 சென்டிமீட்டர், இடப்பக்கக் காலரில். காந்தம் வைத்ததைவிட ஊசியே மேல். அப்பாமார்களுக்கும் பூ செய்வதானால், பேஸ்மேக்கர் வைத்தவர் நெஞ்சுக்கு நேராகக் காந்தம் கூடவே கூடாது.

குளூ கன் பற்றி ஒரு வார்த்தை. 7 மில்லிமீட்டர் குச்சி போடும் சின்னது வாங்குங்கள். பெரிய கன்னின் சூடு ஃபோம் ரோஜாவைக் குழி விழ உருக்கும். சின்னதில்கூட, பசையைக் கம்பியில் வைத்து ஐந்தாறு விநாடி ஆறவிட்டுத்தான் ஃபோமுக்குள் செருக வேண்டும். பூ மேல் சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் கையால் பிய்க்க வேண்டாம், ஹேர் டிரையரைத் தூரத்திலிருந்து ஒரு கணம் காட்டினால் சுருண்டு உதிரும். ஃபோமில் மட்டும் அப்படிச் செய்யாமல் இழையைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள்.

கட்டி முடித்த செண்டை அகலமான ஜாடியில் நிறுத்தி, மேலே பழைய வேட்டித் துணி போர்த்தி, வெயில் படாத அறையில் வையுங்கள். படுக்க வைத்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். கல்யாணத்தன்று காரில் விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரி வரை ஏறும், அதில் பசை இளகி இலையும் முத்தும் நழுவும். மண்டபத்துக்குள் கையோடு கொண்டுபோங்கள். நிஜ மல்லிகைச் சரம் ஒரு முழத்தைக் கைப்பிடியில் சுற்ற ஆசையிருந்தால், மேடைக்குப் போகும் முன் நூலால் கட்டுங்கள். பசை பட்டால் மல்லிகை உடனே பழுப்பாகும், ஈரச் சரத்தை முன்னாலேயே சுற்றினால் சாட்டினில் தண்ணீர்க் கறை விழும்.

செண்டு வீசும் வழக்கம் உங்கள் விருந்தில் இருந்தால் இதை வீச வேண்டாம், உள்ளே கம்பியும் ஊசியும் இருக்கின்றன. மிஞ்சிய 3 பெரிய பூவையும் 3 சின்னப் பூவையும் டேப்பும் ரிப்பனும் மட்டும் போட்டு, ஊசி இல்லாமல், தனியாக ஒன்று கட்டிவையுங்கள்.

பெண்ணின் ஒப்பனைப் பையில் நான்கு முத்து ஊசி, கால் சுருள் பச்சை டேப், ஒரு சின்னக் குறடு, ரிப்பன் துண்டு ஒன்று போட்டுவைக்கத் தோழிகளில் ஒருத்தியிடம் சொல்லுங்கள். அன்றைக்கு என்ன கழன்றாலும் இந்த நான்கில் ஒன்று போதும்.